பட்டம் வாங்கலையோ, பட்டம்!

தமிழில் 'பட்டம்' என்கிற ஒரு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் பாருங்கள். நூல் கட்டி வானத்தில் விட்டால் காற்றாடி. பல்கலைக்கழகத்தில் கொடுத்தால் டிகிரி. ராஜா வீட்டுப் பையனுக்குக் கட்டினால் சிம்மாசனம். ஆடி மாசம் தேடி விதைத்தால் வெள்ளாமை. மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கொடுத்தால், அரசியல்.

இந்த ஐந்தில், ஃபீஸ் கட்டி, மூன்று வருஷம் படித்து, பரீட்சை எழுதி அடியேன் வாங்கியது பி.காம். பட்டம் ஒன்றுதான். மற்றதுக்கெல்லாம் பரீட்சை கிடையாது. அதனால்தானோ என்னவோ, ஐந்தாவது வகைப் பட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கணக்குப் பார்க்கத் தோன்றும். யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, வரவா செலவா?

முதலில் அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடுவோம். விசா வேண்டாம்.

அங்கே ஜனாதிபதி ஆகிவிட்டால் வெள்ளை மாளிகை, தனி விமானம் எல்லாம் கிடைக்கிற மாதிரி, கேட்காமலே ஒரு பட்டப்பெயரும் கிடைக்கும். கொடுப்பது பெரும்பாலும் எதிர்க்கட்சி, இல்லாவிட்டால் பத்திரிகைக்காரர்கள். 1841-ல் வில்லியம் ஹென்றி ஹாரிசன் பதவியேற்று ஒரே மாதத்தில் இறந்துபோனார். துணை ஜனாதிபதியாக இருந்த ஜான் டைலர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மரியாதையாக 'ஹிஸ் எக்ஸலன்சி' என்று கூப்பிட வேண்டியவரை 'ஹிஸ் ஆக்ஸிடென்சி' என்றார்கள். அதாவது, மாண்புமிகு விபத்து அவர்கள்!

ரிச்சர்ட் நிக்சனுக்கு 1950-ல் செனட் தேர்தலில் நின்றபோது ஒட்டிய பெயர் 'டிரிக்கி டிக்'. தில்லுமுல்லு டிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1974-ல் வாட்டர்கேட் ஊழலில் ராஜினாமா செய்துவிட்டுப் போகிற வரை அந்தப் பெயர் அவரை விடவில்லை. தியோடர் ரூஸ்வெல்ட் 1902-ல் வேட்டைக்குப் போனார். கட்டிப்போட்டிருந்த கரடியைச் சுடமாட்டேன் என்றார். பத்திரிகையில் கார்ட்டூன் வந்தது, கடையில் பொம்மை வந்தது, 'டெடி பேர்' பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், 'டெடி' என்று தன்னைக் கூப்பிடுவதே அவருக்குப் பிடிக்காது. யார் கேட்டார்கள்?

லிங்கனுக்கு மட்டும் சொந்தக் கட்சிக்காரர்களே உட்கார்ந்து யோசித்தார்கள். 1860 மே மாதம் இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகரில் கட்சி மாநாடு. திடீரென்று இரண்டு வேலி மரங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இளவயதில் லிங்கன் கோடாலியால் பிளந்த மரமாம் இது! வக்கீல் லிங்கன் அன்றைக்கு 'மரம் பிளந்தவர்' ஆனார். ஏழை உழைப்பாளி நம்ம ஆள் என்று ஜனங்களுக்குத் தோன்ற, மரக்கட்டை இரண்டே போதுமானதாக இருந்தது.

மொத்தத்தில் அமெரிக்கப் பட்டப்பெயரின் வேலை ஒன்றுதான். உயரத்தில் இருக்கிற ஆளைக் கையைப் பிடித்துத் தெருவுக்கு இறக்குவது. நம் ஊரிலோ எல்லாம் தலைகீழ். தெருவில் நிற்கிறவரை மேடைக்கு ஏற்றுவதற்குத்தான் பட்டம். ஏன் இப்படி?

எனக்குத் தோன்றுகிற காரணத்தை ஈரோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஈ.வெ.ராமசாமி நாயக்கர் 1927-ம் வருஷக் கடைசியில் தன் 'குடிஅரசு' பத்திரிகையில், தன் பெயரின் வாலில் இருந்த 'நாயக்கரை' நறுக்கினார். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், எல்லோரும் சாதிப் பட்டத்தை விடவேண்டும் என்று தீர்மானமே போட்டார்கள். கவனியுங்கள், அந்தக் காலத்தில் சாதிப் பெயருக்கே 'பட்டம்' என்றுதான் பெயர்!

பெயரிலிருந்து அந்தப் பட்டத்தைக் கழற்றினால் ஓர் இடம் காலியாகிறது. வெறும் 'ராமசாமி' என்று சொல்ல ஜனங்களுக்கு வாய் வரவில்லை. மரியாதையை எதில் தொங்கவிடுவது? 1938 நவம்பர் 13-ந்தேதி சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. தலைமை, மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார். இனி இவரைப் 'பெரியார்' என்றே அழைப்போம் என்று அந்தப் பெண்கள் தீர்மானம் போட்டார்கள். காலி இடம் நிரம்பியது. பிறப்பினால் வந்த பட்டம் போய், செயலால் வந்த பட்டம் உட்கார்ந்தது. கொடுத்தவர்கள் கையில் பதவி இல்லை, பணம் இல்லை. வாங்கியவருக்கு லாபம்? அந்த மாதம் சென்னையில் பேசிய பேச்சுகளுக்காக வழக்கு, அடுத்த மாதம் ஜெயில்!

இப்படி ஒரு தேவைக்காகப் பிறந்த வழக்கம் போகப் போக ஒரு தொழிற்சாலை ஆகிவிட்டது. பெரியார், நாடகத்தில் சிவாஜி வேஷம் கட்டிய வி.சி.கணேசனைப் பார்த்து 'சிவாஜி' என்றார். அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. நடிகவேள் எம்.ஆர்.ராதா, 'தூக்குமேடை' நாடகத்தை ஒட்டி மு.கருணாநிதியைக் 'கலைஞர்' ஆக்கினார். 'சொல்லின் செல்வர்' ரா.பி.சேதுப்பிள்ளை, ம.பொ.சி.யைச் 'சிலம்புச் செல்வர்' ஆக்கினார். பட்டம் வைத்திருப்பவரே இன்னொருவருக்குப் பட்டம் தருவதைப் பார்த்தால், பாங்க்கில் ஏற்கெனவே கணக்கு இருப்பவர் அறிமுகக் கையெழுத்துப் போடுகிற மாதிரி இருக்கிறது.

அப்புறம் பதவி உயர்வு. எம்.ஜி.ஆர். 'புரட்சி நடிகர்' ஆக இருந்து, 1972-ல் தனிக்கட்சி கண்டதும் 'புரட்சித் தலைவர்' ஆனார். விஜய், 'இளைய தளபதி'யாகப் பல வருஷம் சர்வீஸ் போட்டு, 2017-ல் 'மெர்சல்' படத்தோடு வெறும் 'தளபதி'யாக பிரமோஷன் வாங்கினார். புரட்சி என்ற வார்த்தையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புரட்சிக் கவிஞர் பாரதிதாசன், புரட்சித் தலைவர் எம்.ஜி.ஆர்., புரட்சித் தலைவி ஜெயலலிதா, புரட்சிக் கலைஞர் விஜயகாந்த், எங்கள் கோயமுத்தூர் சத்யராஜ் புரட்சித் தமிழன். இத்தனை புரட்சி ரஷ்யாவில்கூட நடந்திருக்காது.

சரி, நம்ம பக்கம் வருவோம். கொங்கு நாட்டில் மூன்று பட்டப்பெயர்கள் இருக்கின்றன. மூன்றும் சொக்கத் தங்கம். மூன்றுக்கும் மாலை, மைக், பொன்னாடை எதுவும் கிடையாது.

முதலாவது, காங்கேயம் பக்கத்து மேலப்பாளையத்தில் 1756-ல் பிறந்த தீர்த்தகிரி. கொங்கு நாடு அப்போது மைசூர் ஆட்சியில் இருந்தது. இங்கே வசூலித்த வரிப்பணத்தைக் கொண்டுபோன ஆட்களை மடக்கி, பணத்தைப் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தார் என்பது ஊர் ஊராகச் சொல்லும் கதை. பணத்தைப் பறிகொடுத்தவர்கள், "யார் பிடுங்கியதென்று சொல்வது?" என்று கேட்டார்களாம். "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் இருக்கிற சின்னமலை என்று போய்ச் சொல்" என்றாராம்.

தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டவர்கள் நாட்டில் நிறையப் பேர். ஆனால் 'சின்ன' என்று சூட்டிக்கொண்டவர் இவர் ஒருத்தர்தான் இருப்பார். இன்றைக்கு யாராவதாக இருந்தால் குறைந்தபட்சம் 'இமயமலை' என்றாவது சொல்லியிருப்பார். இதில் இன்னொரு சங்கதி. பட்டம் என்பது அவருக்கு அலங்காரம் இல்லை, முகவரி. பிடிக்க வேண்டுமா, இந்த இரண்டு மலைக்கு நடுவில் வந்து பிடி என்று எதிரிக்குக் கொடுத்த முகவரி. பின்னாளில் அதே மைசூரின் திப்பு சுல்தானோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்தார். 1805 ஜூலை 31-ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். ஆடிப் பதினெட்டு வந்தால் எங்கள் பக்கம் காவிரித் தண்ணீரோடு அவர் நினைப்பும் சேர்ந்து வரும். தீர்த்தகிரி என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. தீரன் சின்னமலை என்றால் ஒண்ணாங்கிளாஸ் பையன்கூடச் சொல்வான்.

இரண்டாவது, அந்தச் சென்னிமலையிலேயே 1904-ல் பிறந்த குமாரசாமி. 1932 ஜனவரி 10-ந்தேதி திருப்பூரில் தடையை மீறி ஊர்வலம். தடியடியில் மண்டை உடைந்து விழுந்தவரின் கையிலிருந்த கொடி விழவில்லை. மறுநாள் உயிர் போயிற்று. இருபத்தேழு வயசு. 'கொடி காத்த குமரன்' என்று ஊர் கூப்பிட்டபோது அதைக் காதால் கேட்க அவர் இல்லை. பட்டத்தில் இருக்கிற மூன்று வார்த்தையும் அப்படியே நடந்த சம்பவம். ஒரு எழுத்துகூட மிகை கிடையாது.

மூன்றாவது ஆள் தூத்துக்குடிக்காரர், ஆனால் பட்டத்தில் பாதியைச் சம்பாதித்தது கோயமுத்தூரில். வ.உ.சிதம்பரனார் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். 1908-ல் வெள்ளைக்காரன் ஜெயிலில் போட்டான். கோவை மத்திய சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் பூட்டினார்கள். 'கப்பலோட்டிய தமிழன்' ஒரு பட்டம், 'செக்கிழுத்த செம்மல்' இன்னொரு பட்டம். ஒன்று அவர் செய்தது, மற்றது அவருக்குச் செய்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஐந்தொகை சரியாக வரும்.

காமர்ஸ் மாணவனாகச் சொல்கிறேன். அவர் உள்ளே இருந்தபோதே கம்பெனி மூழ்கிவிட்டது. கப்பல் கைவிட்டுப் போனது. பங்குதாரர்களுக்கு நஷ்டம். 1912 கடைசியில் வெளியே வந்தவருக்கு மிச்சமிருந்தது வறுமைதான். 1936-ல் இறந்தார். அப்புறம் ம.பொ.சி. 'கப்பலோட்டிய தமிழன்' என்று அவர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அது 1961-ல் சினிமாவாக வந்தது. வ.உ.சி.யாக நடித்தவர், பெரியாரிடம் பெயர் வாங்கிய அதே சிவாஜி. திவாலான ஒரு கம்பெனியின் முதலாளிக்கு இவ்வளவு பெரிய குட்வில் மிஞ்சியதாக எந்தக் கணக்குப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இந்த மூன்று பெயர்களிலும் சாதி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? செய்த காரியம் பெயரை முழுசாக நிரப்பிவிட்டது. ஒட்டுக்கு இடமில்லை.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு குறுக்கு வழியும் தெரியும். இனிஷியல்! நாங்கள் சிக்கனக்காரர்கள். பெயரைக்கூட முழுசாகச் செலவழிக்க மாட்டோம். பீளமேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி "பி.எஸ்.ஜி. எங்கிருக்கு?" என்று கேட்கிற பையனுக்கு, அது பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடு என்பவர் பெயரில் அவருடைய நான்கு பிள்ளைகள் 1926-ல் ஆரம்பித்த தர்ம ஸ்தாபனம் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூன்று எழுத்து போதும். மத்திய உணவு மந்திரியாக இருந்து பசுமைப் புரட்சிக்கு வழி செய்த பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம், எல்லோருக்கும் 'சி.எஸ்.'தான். மாநாடு போடாமல், தீர்மானம் போடாமல், நாக்குக்குச் சோம்பல் வந்தே சாதி உதிர்ந்துபோன ஊர் இது.

ஆனால் ஒரு பெயரில் மட்டும் உதிரவில்லை. அது பெரிய பாலமாகவே வந்து நின்றுவிட்டது.

அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்தை 2025 அக்டோபர் 9-ந்தேதி திறந்தார்கள். 'ஜி.டி.நாயுடு மேம்பாலம்' என்று பெயர். தெரு, சாலை, குளங்களின் பெயரிலிருந்து சாதியை எடுக்கச் சொல்லி அரசாணை வந்ததும் அதே அக்டோபரில்தான். கேட்க வேண்டுமா! சாதிப் பெயர் கூடாது என்று ஆணை போட்டுவிட்டு இது என்ன என்று ஒரு கட்சி. அந்த மனிதரை உலகம் அறிந்ததே அந்தப் பெயரில்தானே, வாலை வெட்டினால் யாருக்குத் தெரியும் என்று இன்னொரு கட்சி.

நம் ஊரில் இந்த மாதிரி வழக்கெல்லாம் பேக்கரியில்தான் விசாரணைக்கு வரும். எங்கள் பேக்கரியில் தினமும் அரை டீயோடு மூன்று பேப்பர் படிக்கிற பெரியவர் ஒருத்தர் தீர்ப்புச் சொன்னார்.

"ஏனுங் தம்பி, அவருக்குத்தான் 'இந்தியாவின் எடிசன்'னு பட்டம் இருக்குதுங்களே. எடிசன் பாலம்னு வெச்சுட்டா சோலி முடிஞ்சுதுங்."

"அமெரிக்காக்காரன் ராயல்டி கேட்டா என்னங்க பண்றது?"

"கேக்கட்டுங். டோல்கேட் போட்டுக் குடுத்துரலாம்."

சிரித்துவிட்டு வந்தாலும், யோசித்தால் 'எடிசன்' எனக்கு உறுத்துகிறது. 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்ட ஆரம்பித்து, பெரிய பஸ் கம்பெனியே நடத்தி, எலெக்ட்ரிக் ரேசர் முதற்கொண்டு என்னென்னவோ செய்து பார்த்த கலங்கல் கிராமத்து மனிதருக்கு, இன்னொருத்தர் பெயரை இரவல் வாங்கி மாட்டியிருக்கிறோம். இரவல் பட்டம் எங்கள் ஊருக்கே இருக்கிறது. 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்'. இங்கிலாந்தில் யாராவது மான்செஸ்டரை 'வட இங்கிலாந்தின் கோயமுத்தூர்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சின்னமலை, குமரன் மாதிரி, அவர் செய்ததிலிருந்தே எடுத்த ஒரு சொந்தப் பெயரை நாம் அவருக்குக் கொடுத்திருந்தால், வெட்டுவதா வைப்பதா என்ற சண்டையே வந்திருக்காது. காலி இடத்தை நாம் நிரப்பாமல் விட்டால், பழைய ஆளே வந்து உட்கார்ந்துகொள்வார்.

நிரப்புவதற்கு ஆள் இல்லாமலா? காந்திபுரம் பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்கு, அண்ணன் பையன் காதுகுத்துக்கு பேனர் அடிக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர், வார்டு அளவில் வளர்ந்துவரும் பிரமுகர், நின்றிருந்தார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன் கேட்டான்: "ஏனுங்ணா, பேருக்கு முன்னால என்ன போடட்டுங்?"

"நல்லதா ஒண்ணு நீயே போடு தம்பி."

பையன் ஒரு ஃபைலைத் திறந்தான். உள்ளே வள்ளல், சிங்கம், சிகரம், எழுச்சி, விடிவெள்ளி எல்லாம் வரிசையாக, ரெடிமேட் சட்டை மாதிரி தொங்கின. அவர் 'விடிவெள்ளி'யை எடுத்துக்கொண்டார்.

"இதுக்கு எக்ஸ்ட்ராவா?"

"பட்டத்துக்குத் தனி ரேட்டு இல்லீங்ணா. சதுர அடிக் கணக்குத்தான்."

எனக்குக் கல்லூரியில் படித்த குட்வில் பாடம் ஞாபகம் வந்தது. குட்வில் என்றால் வியாபாரத்தின் நற்பெயர். கணக்கியல் விதிப்படி, இன்னொரு வியாபாரத்தை வாங்கும்போது விலை கொடுத்து வாங்கிய நற்பெயரை மட்டும்தான் கணக்கில் சொத்தாகக் காட்டலாம். தானாக உழைத்துச் சம்பாதித்த நற்பெயரைக் காட்டக் கூடாது, அளக்க முடியாது என்பதால். ஜனங்களின் கணக்குப் புத்தகம் இதற்கு நேர் எதிர். அங்கே சம்பாதித்தது மட்டும்தான் ஏறும். விலைக்கு வாங்கியது ஏறாது. இன்னொரு விதியும் உண்டு. கம்பெனிகளை இணைக்கும்போது வருகிற குட்வில்லைச் சாதாரணமாக ஐந்து வருஷத்துக்குள் தள்ளுபடி செய்து முடித்துவிட வேண்டும். ஐந்து வருஷம்! இந்த விதியை எழுதியவர் நம்மூர்த் தேர்தலைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பாரோ?

தானாக வருகிற பட்டப்பெயருக்கு ஒரு குணம் உண்டு. அது பொய் சொல்லாது. எங்கள் கிராமத்துப் பக்கம் ஒருவரை 'மேக்காலத் தோட்டத்துக்காரர்' என்றால் அவருக்கு மேற்கே தோட்டம் இருக்கும். என்னைக் கல்லூரியில் 'சில்லறை' என்றார்கள். கேன்டீனில் மீதிச் சில்லறை நாலணாவாக இருந்தாலும் நின்று வாங்கிக்கொண்டுதான் போவேன். இன்றைக்கும் அப்படித்தான். 'விடிவெள்ளி' என்று நானே ஃபிளெக்ஸ் அடித்து ஒட்டினாலும் நண்பர்கள் "சில்லறை படம் போட்டிருக்குது பாரு" என்றுதான் சொல்வார்கள்.

சமீப வருஷங்களில் ஒரு நல்ல காற்று அடிக்கிறது. சினிமாக்காரர்கள் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். 2021 டிசம்பரில் அஜித், தன்னைத் 'தல' என்று கூப்பிட வேண்டாம் என்றார். 2024 நவம்பரில் கமல்ஹாசன் 'உலகநாயகனை' இறக்கி வைத்தார். 2025 மார்ச்சில் நயன்தாரா 'லேடி சூப்பர் ஸ்டார்' வேண்டாம், என் பெயரே போதும் என்றார். அரசியல் பக்கம் இந்தக் காற்று எப்போது திரும்பும் என்று வானிலை அறிக்கை எதுவும் இதுவரை வரவில்லை.

அதுவரைக்கும் ஒரு யோசனை. நாளைக்கே யாராவது உங்கள் பெயருக்கு முன்னால் பெரிசாக ஒரு பட்டத்தைப் போட்டு, முச்சந்தியில் ஃபிளெக்ஸ் வைத்தால், சந்தோஷமாகக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அப்புறம் நம்பிக்கையான ஆள் ஒருத்தரைப் பேக்கரிக்கு அனுப்பி, நீங்கள் இல்லாதபோது அங்கே உங்களை என்ன பெயர் சொல்லிப் பேசுகிறார்கள் என்று மட்டும் கேட்டுவரச் சொல்லுங்கள்.

அதுதான் ஆடிட் ஆன கணக்கு.